முப்பது மில்லிமீட்டர்

ஊர்போவின் பட்டறைக்கு அக்டோபர்
ரப்பர் வாசனையோடு வரும்.
சுவரோரம் இரண்டு டயர்களைச் சாய்த்து வைத்திருந்தான்.
ஒன்றின் அகலம் இருநூற்றுப் பதினைந்து,
மற்றது நூற்று எண்பத்தைந்து.
நடுவே முப்பது மில்லிமீட்டர்,
கையுறை போட்ட இரண்டு விரல்கூட இல்லை.
எது வேண்டும் என்று கேட்டுவிட்டு
காப்பி ஊற்றப் போனான்.

நான் வாங்கியபோது காரில் அகலமானவைதான் இருந்தன.
ரொவானியெமியில் ஒரு பல் மருத்துவர் விற்றார்.
நிறுத்தி வைத்திருக்கும்போதே ஓடுவதுபோல் இருந்தது.
அகலமாய் இருப்பது உறுதியாயும் இருக்கும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானாகத்தான் நம்பிக்கொண்டேன்.

போன ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை.
சவுகோஸ்கிக்கு வடக்கே பதினெட்டாவது கிலோமீட்டர்.
இரவெல்லாம் கொட்டிய பனி
சலித்த மாவுபோல் கணுக்கால் ஆழம் கிடந்தது.
வழிக்கிற வண்டி இன்னும் வரவில்லை.
மணி பத்தாகியும் வானத்தில் மை நீலம்.
திடீரென்று ஸ்டியரிங்கில் கனமே இல்லை.
துடுப்பு தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டால்
கைக்குத் தெரியுமே, அதுபோல.
டயர் சாலையைத் தொடவில்லை,
பனியின்மேல் மிதந்துகொண்டிருந்தது.
நான் திருப்பினேன். கார் கேட்கவில்லை.
சத்தமில்லாமல், வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக,
ஓரத்துப் பனிமேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது.

நின்றது ஒய்வா தக்கினனின் தபால்பெட்டி அருகே.
கண்ணாடியை இறக்கிக் கை நீட்டினால் எட்டியது.
மின்கட்டண ரசீதைப் போட்டேன்,
மீன்வலை விலைப்பட்டியல் ஒன்றையும்.
வேலை வேலைதானே.

டிராக்டரும் சங்கிலியுமாக வந்தார் ஒய்வா.
கலைமான் வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல்
குந்தி உட்கார்ந்து டயரைச் சாணால் அளந்தார்.
"பனிச்சறுக்குப் பலகை நாலு வாங்கியிருக்கிறாய்,
டயர் என்று சொல்லியா விற்றார்கள்?"
அந்த வருடம் முழுவதும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஊர்போ காப்பியோடு வந்து விளக்கினான்:
ஒரு டயர் தரையில் பதிவது
ஒரு தபால் அட்டை அளவு இடத்தில்.
அகலமானதற்கு அட்டை குறுக்கே கிடக்கும்,
ஒல்லியானதற்கு நெடுக்கே. அட்டை ஏறக்குறைய அதேதான்.
இருபத்து மூன்று வருடமாய் அட்டைகளைத் தொடுகிறவள் நான்.
பெட்டியின் துளைக்குள் குறுக்கே தள்ளினால் போகாது என்று
எனக்கா தெரியாது?

அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல், சரி.
ஆனால் பள்ளிக்கூடச் சந்திப்பில்
சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய ஐஸில்
உழ என்ன இருக்கிறது?
அங்கே ஆணிகள் பாதி காப்பாற்றும்,
மீதி என் வலது கால்.
வெறும் தார்ச்சாலையில் ஒல்லி டயர் கொஞ்சம் தள்ளாடும்,
நிற்க இன்னும் சில அடி கேட்கும்
என்றும் சொன்னான் ஊர்போ.
விற்கிறவன் சொல்ல வேண்டியதில்லை அதை.
அதனால்தான் வாங்கினேன்.

நூற்று எண்பத்தைந்து. பதினைந்து அங்குல ரிம், நான்கு.
வாசலில் காரைப் பார்த்த தைமி சிரித்தாள்,
தடித்த கோட்டுக்குக் கீழே கொக்குக் கால் என்று.
சிரிக்கட்டும்.
அகலக்கால் வைத்து ஒருமுறை விழுந்தவள் நான்.

நவம்பர் ஒன்பதாம் தேதி பனி வந்தது.
பதினெட்டாவது கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்தேன்,
பயத்தில் இல்லை, கேட்பதற்கு.
அடியில் கரகரவென்று ஒரு சத்தம்:
ஆணிகள் தாரைச் சுரண்டுகிற சத்தம்.
பின்கண்ணாடியில் இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள்
என்னைத் தொடர்ந்து வந்தன.
ஓரிடத்தில் மட்டும், வளைவில், கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது.

பெட்டியருகே ஒய்வா நின்றிருந்தார்.
வேண்டுமென்றே ஒரு கார் நீளம் தள்ளி நிறுத்தினேன்,
சக்கரம் தெரியட்டும் என்று.
புது விலைப்பட்டியல் வந்ததா என்று கேட்டார்,
வாங்கிக்கொண்டார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அங்கேயே முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.
டயரைப் பார்க்கவே இல்லை.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.